படம் வராட்டி என்ன எழுதட்டும்?

முதல் நாள் அவள் என் கடைக்கு இடம் கேட்டு வந்தபோது வாடகையைப் பற்றி விசாரிக்கவில்லை. கரண்ட் எப்போது போகும், குடிதண்ணீர் எங்கே, பக்கத்தில் என்ன கடை, எதுவும் கேட்கவில்லை. "அக்கா, ஒங்க போனக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள்.

என் போன் அப்போதே கிழம். ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் கண்ணாடியில் மூலைக்கு மூலை கீறல். தொட்டால் ஒரு பக்கம் வேலை செய்யும், இன்னொரு பக்கம் யோசிக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இந்த மாதிரிப் போனத்தான்க்கா தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். அந்தப் போனைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அதை விற்றவன்கூட அவ்வளவு சிரிக்கவில்லை.

புதுக்கோட்டையில், கீழராஜ வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் கடை. முன்பாதியில் நான் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவேன். சும்மா கிடந்த பின்பாதியில் அவள் ஒரு மேசையையும் பழைய லேப்டாப்பையும் போட்டுக்கொண்டு, கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கத் தொடங்கினாள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். பேச்சில் மட்டும் எனக்குச் சமமாக நிற்பாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் செய்த பக்கங்களின் அடியில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னால், "பாக்க வர்றவங்களுக்கு அது எதுக்குக்கா?" என்பாள். அவளே போட்டுக்கொள்ளாத பெயரை நான் போட்டால் சண்டைக்கு வருவாள்.

"அங்கிட்டுப் போயிப் பாக்கணும்க்கா." எந்நேரமும் இதுதான் அவள் வாயில். ஒரு பக்கத்தை லேப்டாப்பில் முடித்ததும் நானாக இருந்தால் கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவளும் டீக்கடைக்குத்தான் போவாள். ஆனால் டீ குடிக்க மாட்டாள். டீக்கடைக்காரரின் போனை வாங்கி, அதில் தன் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். பிறகு பூக்கட்டுகிற அம்மாவின் போன், பிறகு ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது ஒருவரின் போன். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் நடுச்சந்தில் நிற்பாள். "நாம நெழலுல ஒக்காந்து செஞ்சிர்றோம். வாங்குறவுக வெயிலுல நின்னுதானக்கா பாப்பாக" என்பாள். எழுத்து வெயிலில் மங்கினால் ஓடிவந்து கறுப்பாக்குவாள். பட்டன் சின்னதாக இருந்து பூக்கார அம்மாவின் விரல் பக்கத்துப் பட்டனில் பட்டால், வந்து பெரிதாக்குவாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் என்னிடம் வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் புள்ள ஏதும் லோன் கம்பெனியில இருக்கா? வந்தா போனத்தான் கேக்குது" என்றார். அந்த ஆளைச் சமாதானப்படுத்த எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இந்தப் புத்தி வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணத்துக்கு அழைத்துப் போனால் முன்வரிசையில் இடம் இருக்கும்போது கடைசி வரிசையில் போய் உட்காருவாள். அங்கிருந்து மாப்பிள்ளை பெண் தெரிகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். வீடியோக்காரர் மறைத்துக்கொண்டு நின்றால் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருவாள். நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்சம் பூரித்து நிற்கும்போது, பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, "முன்னாடி நல்லாருக்குக்கா. அங்கிட்டு ஊக்கு தெரியுது" என்பாள். அன்றைக்கு முழுவதும் நான் முதுகைச் சுவரோரம் வைத்துக்கொண்டு நடப்பேன். சொன்ன தேதிக்கு எந்த வேலையையும் முடித்துக் கொடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் உள்ளவர் போனையெல்லாம் பார்த்து முடிக்க வேண்டாமா?

எல்லாவற்றிலும் எனக்கு எரிச்சலாக இருந்தது வேறொன்று. வெப்சைட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுவார்கள். இடப்பக்கம் ஒரு கூர்மூக்குக் குறி, வலப்பக்கம் ஒரு கூர்மூக்கு, நடுவில் படத்தின் பெயர், அகலம், உயரம். அதிலேயே இன்னோர் இடமும் உண்டு. சிக்னல் இல்லாமல் படம் வராவிட்டால் அந்தக் கட்டத்தில் என்ன சொற்கள் தெரிய வேண்டும் என்பதை அங்கே எழுத வேண்டும். 'ஆல்ட்' என்பார்கள். அதைக் காலியாக விட்டாலும் படம் வரும், யாரும் கேட்கப்போவதில்லை. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். இவள் விடமாட்டாள். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "படம் வராட்டி என்ன எழுதட்டும்?" என்று கேட்பாள்.

ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் அவளிடம் மாட்டிக்கொண்ட நாள் நினைவிருக்கிறது.

"படம் ஏம்மா வராது? நல்ல கேமராவுலதான எடுத்துருக்கோம்" என்றார் அவர்.

"வராட்டிங்கய்யா."

"சரி. உலகத்தரம் வாய்ந்த முந்திரின்னு போடு."

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "உலகத்தரம் எங்க இருக்கு? படத்துல காட்டுங்க."

அவர் குனிந்து தேடினார். உண்மையிலேயே தேடினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பிரிண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடைசியில் அவள் எழுதியது: 'ஓலைப் பெட்டி நிறைய வறுத்த முந்திரி. முழுப்பருப்பு. இரண்டொன்றில் கருகல் உண்டு.' வியாபாரிக்குக் கருகல் பிடிக்கவில்லை. "வெறக அடுப்புல வறுத்தா கருகாம இருக்குமாங்கய்யா? படிக்கிறவுகளுக்கு அதுலயே வாசன வந்துரும்" என்றாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், உலகத்தரத்த எடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"யாரு படிக்கப்போறான்னு இம்புட்டு மெனக்கெடுற? படந்தான் தெரியுதுல்ல" என்று அவர் போனதும் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியுதுக்கா" என்றாள். அவளுக்குக் கோபம் வருவது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். கோபம் வந்தால் என் டிபன் பாக்ஸைத் திறந்து கேட்காமலே சாப்பிடத் தொடங்கிவிடுவாள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். கூர்மூக்குகளைப் போடுவேன், படத்தை நுழைப்பேன், அகலம் கொடுப்பேன். ஆனால் எனக்கு அச்சுப் புத்தி. தாளில் ஒன்றை வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். "இங்க கெடக்காதுக்கா" என்று அவள் பத்து முறையாவது சொல்லியிருப்பாள். "பெரிய ஸ்கிரீன்ல பக்கத்துல பக்கத்துல நிக்கிற படம், போன்ல எடம் பத்தாட்டி அடுத்த வரிக்கு எறங்கிரும்." நான் தலையை ஆட்டுவேன். தலை ஆடியதே தவிர உள்ளே ஒன்றும் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் பிறந்த ஊர் திருவரங்குளத்துக்குத் தெற்கே. அங்கே அய்யனார் கோயிலில் ஐந்து வகையறாக்களுக்குச் சம உரிமை. ஒவ்வொரு வகையறாவையும் ஒரு கரை என்போம். போன குடமுழுக்கின்போது யார் முதலில் கோபுரத்தில் ஏறுவது என்று சண்டை வந்து, வேலை பாதியில் நின்று, நான் கல்யாணமாகிப் பிள்ளைகளைப் பெற்று அவர்களைக் காலேஜுக்கு அனுப்பும் காலம் வரை கோபுரம் மொட்டையாகவே நின்றது. அந்தச் சண்டையில் நேருக்கு நேர் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா, எங்கள் கரைக்குத் தலைவர். இன்னொருவர் வேறொரு கரையின் தலைவர். அப்பாவுக்கு மச்சான், எனக்கு மாமா முறை. சின்ன வயதில் ஒரே பம்புசெட்டில் குளித்தவர்கள், அன்றிலிருந்து பேசிக்கொள்வதில்லை. மாமாவுக்கு இடையில் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போதும் அப்பா போய்ப் பார்க்கவில்லை. போகத் துடித்தார் என்பது எனக்குத் தெரியும், ரோஷம் விடவில்லை.

எப்படியோ பெரியவர்கள் கூடிப் பேசி மறுபடியும் குடமுழுக்குக்கு ஒத்துக்கொண்டார்கள். ஐந்து கரைக்கும் ஐந்து கலசம். அவரவர் வீட்டில் வைத்துப் பூசை செய்து, காப்புக் கட்டுகிற அன்று கோயிலுக்கு எடுத்து வர வேண்டும். ஐந்து பேரும் ஒரே வரிசையில் சமமாக நிற்க வேண்டும். முன்னே பின்னே கிடையாது. பத்திரிகையிலும் அப்படியே இருக்க வேண்டும் என்றார்கள். ஐந்து பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் மேல் கீழ் வந்துவிடும் அல்லவா? நான்தான் பத்திரிகையைப் பக்கவாட்டில் நீளமாக அடித்து, ஐந்து தலைவர்களின் படத்தையும் அவர்கள் சன்னிதியில் நிற்கிற வரிசைப்படி ஒரே கோட்டில் வைத்துக் கொடுத்தேன். ஊரே மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கோயிலுக்கு ஒரு வெப்சைட் போடலாம் என்று சொன்னேன். நல்ல நேரம் பார்த்து வியாழக்கிழமை காலையில் வெளியிட வேண்டும் என்று முடிவாயிற்று. அன்றைக்கென்று அவள் ஆவுடையார்கோவிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று போய்விட்டாள். "சனிக்கெழம வந்துர்றேன்க்கா. போன்ல பாக்காம எதையும் ஏத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நல்ல நேரம் அவளுக்காகக் காத்திருக்குமா? நானே உட்கார்ந்தேன். ஐந்து படம், ஐந்து வரி. என் கடைக் கம்ப்யூட்டரின் அகலமான திரையில் ஐந்து தலைவர்களும் தோளோடு தோள் நின்றார்கள். படங்களுக்கான சொற்களை எழுதவில்லை. அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? ஏற்றிவிட்டு, வாட்ஸப்பில் ஊருக்கே அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனேன். உண்மையாகவே டீ குடிக்க.

டீ ஆறுவதற்குள் போன் அடித்தது. அப்பா.

"என்னத்தா செஞ்சு வச்சுருக்க?"

ஊரில் ஒருவரிடமும் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லோரும் போனில்தான் திறந்தார்கள். இடம் பற்றாமல் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிட்டன. மேலே முதல் ஆளாக என் அப்பா. அதற்குக் கீழே ஒவ்வொருவராக மூன்று பேர். எல்லோருக்கும் அடியில் மாமா.

பத்திரிகையில் மூன்று வாரம் பேசிப் பேசி நேராக்கிய கோட்டை நான் ஒரு காலையில் நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டேன். தலைவர் மகள் தன் அப்பனை உச்சியில் ஏற்றி, பகையாளியைக் காலடியில் போட்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. மாமாவின் மருமகள் போனைப் பார்த்து அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "எங்க கலசம் வராது."

நான்கு கலசத்தோடு குடமுழுக்கு நடக்காது. காப்புக் கட்டுக்கு இன்னும் மூன்று நாள். பக்கத்தை உடனே எடுத்துவிட்டேன். எடுத்ததும், "பாத்தியா, தப்புன்னு தெரிஞ்சுதான் எடுத்துட்டா" என்றார்கள். என் அப்பாவின் ஆயுளில் இன்னொரு குடமுழுக்கு வராது. என் கையாலேயே அதைக் கெடுத்துவிட்டேன். ஆவுடையார்கோவிலுக்குப் போன் போட்டு அழுதேன். காதுகுத்துச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வந்ததும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "குடுங்கக்கா ஒங்க போன" என்றுதான் சொன்னாள். கீறல் விழுந்த அதே போனில் கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த என் பக்கத்தை ஏற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வழியாக யோசித்தாள். ஐந்தையும் சுருக்கி ஒரே வரியில் வைத்தாள். முகங்கள் புளியங்கொட்டை அளவுக்கு ஆகிவிட்டன. விரலால் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி வைத்தாள். கடைசி ஆளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. "தேடி வந்து பாத்துக்கன்னு சொன்னா இன்னும் கோவம் வருமுல்லக்கா" என்று அதையும் அழித்தாள்.

பிறகு கேட்டாள். "ஒங்க ஊர்த் திருவிழா அஞ்சு நாளும் யாரு மண்டகப்படி?"

"முறை வச்சுத்தான். மொத நாளு ஒரு கரை, மறுநாளு அடுத்த கரை. அடுத்த வருசம் அது ஒரு எடம் தள்ளி வரும்."

"அதுக்குச் சண்ட வந்துருக்கா?"

"இல்லயே."

"அப்ப இதுக்கும் முறை வச்சிருவோம்" என்றாள். யாராவது ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வரிசை ஓர் இடம் தள்ளும்படி எழுதினாள். முதலில் திறப்பவருக்கு ஒரு கரை மேலே. அடுத்துத் திறப்பவருக்கு அடுத்த கரை. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கிவிட்டு, "மாமா இதப் பாத்துட்டா கோவப்பட்டாரு?" என்று கேட்டாள்.

"அவருக்குக் கண்ணு தெரியாதுத்தா. மருமக சொன்னது."

அவள் கை நின்றுவிட்டது. "அத ஏன்க்கா மொதல்லயே சொல்லல?"

போனைப் படித்துக்காட்டச் சொல்லும் வசதியைப் போட்டு, என் பக்கத்தின் மேல் விரலை வைத்தாள். பார்வையில்லாதவர்களுக்குப் படம் இருக்கிற இடத்தில் ஆல்ட் வரியைத்தான் போன் வாய்விட்டுப் படிக்குமாம். நான் எழுதாமல் விட்டதால் அதற்குக் கிடைத்தது கேமரா வைத்த பெயர். 'ஐ எம் ஜி பூஜ்யம் பூஜ்யம் நான்கு ஏழு' என்றது போன். அடுத்தவருக்கு, 'பூஜ்யம் பூஜ்யம் நான்கு எட்டு'. ஐந்து கரைத் தலைவர்களும் எண்களாகக் கிடந்தார்கள். அதைக் கேட்டபோது வந்த வெட்கம் எனக்கு ஊரார் பேச்சில்கூட வரவில்லை.

அவள் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி எழுதத் தொடங்கினாள். அப்பா படத்தைக் காட்டி, "எப்படி இருக்காரு, சொல்லுங்க" என்றாள். "அப்பா மாதிரி இருக்காரு" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். ஐந்து பேருக்கும் ஒரே எண்ணிக்கையில் சொற்கள் வைத்தாள். "காதால பாக்குறவுகளும் அளப்பாகல்லக்கா" என்றாள்.

மறுநாள் காலை கோயில் வாசலில், மண்குதிரைகளுக்கு முன்னால் ஊர் கூடியது. மாமாவை அவர் மருமகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒரு கல்லில் உட்காரவைத்தாள். அப்பா எதிர்ப்பக்கத்தில், முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு நின்றார். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. "எல்லாரும் அவங்கவங்க போன்ல தெறந்து பாருங்க" என்றாள்.

அங்கே சிக்னல் ஒரு புள்ளிதான். பக்கம் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்தது. ஒருவர், "என் கரைதான் மேல இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஏன் பொய் சொல்ற, எங்க கரைதான இருக்கு" என்று தன் போனைக் காட்டினார். இரண்டு போனையும் ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். மூன்றாமவர் தன் போன் திரையை விரலால் கீழே இழுத்து மறுபடி திறந்தார். வரிசை மாறியது. இன்னொரு தடவை இழுத்தார். மறுபடி மாறியது. "இரு, இரு, இப்ப எங்க கரைய வரவைக்கிறேன்" என்று நான்காமவரும் இழுக்கத் தொடங்கினார். எழுபது வயது ஆட்கள் தங்கள் கரை மேலே வருகிற வரை போனைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"முறை வச்சிருக்குங்கய்யா. மண்டகப்படி மாதிரி" என்றாள் அவள்.

"அப்பச் சரி" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மூச்சு வந்தது.

மாமா மட்டும் கல்லிலிருந்து அசையவில்லை. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் சிரிக்கிறீக. நேத்து ஒருத்தி நான் அடியில கெடக்கேன்னா. இன்னிக்கு நீங்க முறைங்குறீக. எனக்கென்ன தெரியுது? ரெண்டையும் நம்பித்தான ஆகணும்?"

அவள் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் போனை அவர் காதருகே பிடித்தாள். "இவுக சொல்றத நம்ப வேணாம்ங்கய்யா. நீங்களே பாருங்க" என்றாள்.

மாமாவின் படத்துக்கான வரியைப் போன் அதன் தட்டையான குரலில் படித்தது. எல்லோருக்கும் கேட்டது. 'மண்குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறார். வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. வலது கையில் கம்பு. சிரிக்கவில்லை. மீசை இன்னும் கறுப்பு.'

மாமாவின் கை மெதுவாக மேலே போய் மீசையைத் தொட்டது.

"மீச கறுப்பாவா இருக்கு?" என்றார்.

அவர் மருமகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தினமும் அவருக்குச் சோறு போடுகிறவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"சும்மா எழுதிருக்கா" என்றார் மாமா.

"படத்துல இல்லாதத நான் எழுதமாட்டேன்ங்கய்யா."

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து என் அப்பாவின் குரல் வந்தது.

"கறுப்புத்தான் மச்சான். எனக்குத்தான் பஞ்சா வெளுத்துப்போச்சு."

மாமா குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை அவர் காதில் விழுகிறது. "ஒனக்கு எப்பப் போச்சு?" என்று கேட்டார்.

"அதாச்சு, நாலஞ்சு வருசம்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலயே" என்றார் மாமா. பிறகு அவளிடம் குனிந்து, "அவன் படத்தயும் போடு ஆத்தா. எம்புட்டு வெளுத்திருக்குன்னு பாப்போம்" என்றார்.

போட்டாள். 'மீசை முழுவதும் நரை' என்ற இடம் வந்ததும் மாமா உடம்பு குலுங்கச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து அந்தக் கல்லில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அழுதேன், மறைக்கவெல்லாம் இல்லை. மூன்றாம் நாள் ஐந்து கலசமும் வந்தன. மாமாவின் கலசத்தை அவர் தலையில் வைத்து, அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது என் அப்பா.

அடுத்த ஆண்டு அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பார்வை இல்லாதவர்கள் எந்தப் பக்கத்தில் முட்டி நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சரிசெய்கிற வேலை. அவளுக்கென்றே தைத்த சட்டை மாதிரி. போகும்போது என் கடைக்கும் ஒரு வெப்சைட் செய்து கொடுத்துவிட்டுப் போனாள். அதில் குடமுழுக்கு அன்று எடுத்த ஒரு படம் இருக்கிறது. அதற்கான ஆல்ட் வரியை மட்டும் காலியாக விட்டிருந்தாள். ஆயுளில் அவள் காலியாக விட்ட ஒரே வரி அதுதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல நான் இருக்கேன்ல. நீங்க எழுதுங்கக்கா" என்றாள்.

அப்பா மாதிரி இருக்கிறார் என்பதற்கு மேல் சொல்லத் தெரியாதவள் நான். நாட்கணக்கில் தள்ளிப்போட்டேன். இப்போது இவ்வளவையும் எழுதிப் பார்த்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். போன வாரம் எழுதி ஏற்றினேன்: 'கோயில் வாசலில் கூட்டம். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒரு பெண் மட்டும் திரும்பி நின்று, பக்கத்தில் இருப்பவரின் போனை எட்டிப் பார்க்கிறாள்.'

மறுநாளே போன் செய்தாள். போனைப் பேசவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா நான் சந்தோசமா இருக்கேனா, இல்லையான்னு கேக்குறவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சி அங்கிட்டுத் திரும்பியிருக்கே. படத்துல இல்லாதத எழுதக் கூடாதுன்னு நீதான சொன்ன."

"அன்னிக்கு நீங்க அங்கிட்டுத்தான நின்னீங்க?" என்றாள்.

ஆமாம், நின்றேன். அவளுக்கு நேர் எதிரே, மாமாவின் மருமகளுக்குப் பக்கத்தில் நின்றேன். போனை வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து, கடைசியில் இரண்டு சொல்லைச் சேர்த்தேன். 'சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.'